படி 7 முடிந்த பிறகே படி 7: ஒரு பராமரிப்புக் கையேட்டின் கதை

ஒரு சர்வீஸ் டெக்னீசியன் போன் செய்தார். ஏர் கம்பிரசர் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்; நாங்கள் தயாரித்த பராமரிப்புக் கையேடு டேப்லெட்டில் திறந்திருந்தது. "படி 7-ஐ அப்படியே வாசிக்கிறேன், கேளுங்க சார்" என்றார். "'படி 7 முடிந்த பிறகே மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தவும்.' இப்ப நான் என்ன பண்ணணும்?"

முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடி வயிற்றைப் பிசைந்தது. டேங்க்கில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு மூடியில் கை வை என்பதுதான் அந்த வாக்கியம் சொல்ல வந்தது. அழுத்தம் நிரம்பிய டேங்க்கில் போல்ட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுபவசாலி, அதனால் நின்று கேட்டார். புதிதாகச் சேர்ந்த பையனாக இருந்திருந்தால்?

நடந்தது இதுதான். காற்றை வெளியேற்றுவது முதலில் 7-வது படியாக இருந்தது, மூடியைத் தளர்த்துவது 9-வது. மேலே இருந்த இரண்டு பழைய படிகளைத் தேவையில்லை என்று ஒரு எழுத்தாளர் நீக்கினார். படிகளின் எண்கள் தாமாகவே நகர்ந்துகொண்டன: காற்று 5 ஆனது, மூடி 7 ஆனது. வாக்கியத்துக்குள் கையால் தட்டியிருந்த "7" மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

எழுத்தாளர் மேல் பழி போட முடியாது. அந்த 7-ஐக் கையால் தட்டச் சொன்னதே நான்தான்.

ஃபைலில் இருந்தது

கையேடு முழுவதும் எக்ஸ்எம்எல்: ஒவ்வொரு பகுதியும் என்ன என்று டேக் எனும் பெயர்ச்சீட்டு ஒட்டி எழுதும் முறை. ஒரு பராமரிப்பு வேலைக்கு ஒரு ஃபைல். எழுதுபவர்கள் மூன்று பேர். அதைப் படிக்கும்படியாக வெளியே கொண்டுவருவது என் பொறுப்பு. எக்ஸ்எம்எல்லில் டேக் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், நாங்களும் அப்படியே வைத்திருந்தோம்:

<படி அடையாளம்="காற்று-வெளியேற்று">
<பத்தி>டேங்க்கின் அடியில் உள்ள <உதிரி எண்="வா-12"/> வால்வை அரைச் சுற்று திறக்கவும்.</பத்தி>
<பத்தி>சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருக்கவும்.</பத்தி>
<எச்சரிக்கை>வால்வுக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.</எச்சரிக்கை>
</படி>

இது என்ன என்பதை ஃபைல் சொல்கிறது. எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அந்த இரண்டாவது வேலைக்கு இரண்டு வழிகள் ரொம்ப நாளாகவே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1996 டிசம்பரில், தோற்றத்தை விவரிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு வந்தது. எக்ஸ்எம்எல் வந்தது 1998 பிப்ரவரியில். எக்ஸ்எம்எல் ஃபைலின் தலையில் ஒரு வரி எழுதி ஸ்டைல்ஷீட்டை, அதாவது தோற்ற விதிகள் உள்ள ஃபைலை, கோத்துவிடும் முறை 1999 ஜூனில் வந்தது, அதே ஆண்டு நவம்பர் 16 அன்று, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் டேக்குகளை ஒரு மரம் என்று வைத்துக்கொண்டால், சிஎஸ்எஸ் இருக்கும் மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளைக்கும் நிறமும் அளவும் கொடுக்கிறது. எக்ஸ்எஸ்எல்டி அந்த மரத்தைப் படித்துவிட்டு இன்னொரு மரத்தை நடுகிறது; இதைத்தான் உருமாற்றம் என்கிறோம்.

முடிகிற இடத்தில் சிஎஸ்எஸ், முடியாத இடத்தில் மட்டும் மற்றது என்று அந்தக் காலத்திலிருந்தே ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல அறிவுரைதான். எங்களைக் கவிழ்த்ததும் அதுதான். 'முடியும்' என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் இருந்தால் சிஎஸ்எஸ்ஸில் எதை வேண்டுமானாலும் முடிந்த மாதிரி காட்டிவிடலாம்.

ஸ்டைலோடு ஓடிய நாட்கள்

முதல் வாரம் சந்தோஷமாகப் போனது. எழுத்தாளர் ஃபைலைச் சேமித்து பிரவுசரில் திறந்தால் போதும், பக்கம் அப்படியே வந்து நிற்கும். நடுவில் எந்த மென்பொருளும் இல்லை. படி எண்களை சிஎஸ்எஸ்ஸின் எண்ணும் வசதியான கவுண்டரே போட்டது. <எச்சரிக்கை> மஞ்சள் கட்டத்துக்குள் வந்தது. அதன் தலையில் 'எச்சரிக்கை' என்ற சொல்லையும் ஸ்டைலே எழுதிக்கொண்டது. உதிரிபாகப் பட்டியல் அட்டவணையாகத் தெரிந்தது. இவ்வளவும் நூறு வரிக்குள்.

அப்புறம் லிங்க் வேண்டும் என்றார்கள். நாங்களே வைத்துக்கொண்ட <பார்க்க> என்ற டேக் ஒரு லிங்க் என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்? நீல நிறம் கொடுக்கலாம், அடிக்கோடு போடலாம், சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. படமும் அப்படித்தான், டேக்குக்குள் எழுதியிருக்கும் ஃபைல் பெயரை எடுத்துப் படமாகக் காட்டு என்று சிஎஸ்எஸ்ஸிடம் சொல்ல வழியில்லை. ஒரு குறுக்குவழி உண்டு: இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லின் டேக்குகளும் இதில் வரும் என்று எக்ஸ்எம்எல் ஃபைலுக்குள் அறிவித்துவிட்டு (பெயர்வெளி என்பார்கள்), அதன் லிங்க் டேக்கையும் பட டேக்கையும் அப்படியே நுழைத்தால் பிரவுசர் புரிந்துகொள்ளும். நுழைத்தோம். வேலையும் செய்தது. எழுத்தாளர்களின் சுத்தமான ஃபைலில் முதல்முறையாக அந்நியச் சரக்கு புகுந்ததும் அன்றுதான்.

அடுத்தது எச்சரிக்கையின் இடம். பராமரிப்புக் கையேட்டில் எச்சரிக்கை, செயலுக்கு முன்னால் வர வேண்டும். வால்வைத் திறந்துவிட்ட ஒருவரிடம் முகத்தை விலக்கச் சொல்லி என்ன பயன். எங்கள் ஃபைல்களில் அது படியின் கடைசியில் இருந்தது, எழுதும்போது அப்படித்தான் கை போகும். சிஎஸ்எஸ்ஸின் ஃபிளெக்ஸ் அமைப்பில் வரிசையை மாற்ற ஒரு பண்பு இருக்கிறது. ஒரே வரி, எச்சரிக்கை மேலே ஏறிக்கொண்டது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. பார்வை குறைந்த ஒரு வாசகர் ஸ்கிரீன் ரீடரில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: கண்ணுக்கு மேலே இருந்த எச்சரிக்கை, காதுக்குக் கடைசியில்தான் வந்தது. அந்தப் பண்பு தோற்றத்தை மட்டுமே நகர்த்துகிறது. ஃபைலில் இருக்கும் வரிசை அப்படியேதான் இருக்கிறது. நகல் எடுத்து ஒட்டினாலும் பழைய வரிசைதான். அதோடு, எங்கள் டேக்குகளில் எது தலைப்பு, எது பட்டியல் என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிய வழியே இல்லை. முழுக் கையேடும் அதற்கு ஒரே நீண்ட பேச்சு.

ஸ்டைல் உண்டாக்கும் எழுத்துகளிலும் இதே கோளாறு. கவுண்டர் போட்ட எண் திரையில் பளிச்சென்று தெரியும்; பிரவுசரின் தேடலில் அகப்படாது, சுட்டியால் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

கடைசியில் வந்ததுதான் அந்த 7. "இன்ன படியைப் பார்க்க" என்று வாக்கியத்துக்குள் ஒரு எண் வர வேண்டும். கவுண்டர் எண்ணிக்கொண்டே போகும். வேறொரு இடத்தில் இருக்கும் படியின் எண் என்ன என்று பிரவுசருக்குள் இருக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் கேட்க முடியாது. சரி, கையால் போட்டுவிடுங்கள் என்றேன். இதே கணக்கில், வேலை தொடங்கும் முன் தேவையான கருவிகளின் பட்டியலையும் கையால் எழுதச் சொன்னேன். எந்தக் கருவி எந்தப் படியில் வருகிறது என்று ஃபைலிலேயே குறித்திருந்தும், அதைத் திரட்டித் தலையில் வைக்க ஸ்டைலுக்குத் தெரியாதே.

திரும்பிப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கிறது. ஸ்டைலால் ஆகாத ஒவ்வொரு முறையும் நாங்கள் வளைத்தது ஸ்டைலை அல்ல, மூலத்தை. எளிய வழி என்று நாங்கள் சொல்லிக்கொண்டதன் கணக்கை மூன்று எழுத்தாளர்கள் தினமும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தகவல் ஃபைலில் இரண்டு இடத்தில் இருந்தால், ஒருநாள் அவை இரண்டும் சண்டை போடும். எங்களுக்கு அந்த நாள் டெக்னீசியனின் போனாக வந்தது.

எதிர்க்கரைக்குத் தாவினோம்

அடி வாங்கியவர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம்: எல்லாவற்றையும் எக்ஸ்எஸ்எல்டிக்கு மாற்றிவிடுவோம் என்று கிளம்பினோம். குழுவில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் உட்கார்ந்து, பெரிய ஒரே டெம்ப்ளேட்டில் (எதை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்எஸ்எல்டி விதி) கையேடு முழுவதையும் கட்டிவிட்டார். படி எண்ணைப் பொறுத்தவரை அற்புதம். வாக்கியத்தில் <பார்க்க இலக்கு="காற்று-வெளியேற்று"/> என்று மட்டும் இருக்கும்; உருமாற்றம் அந்த அடையாளத்தைத் தேடிப் போய், அதற்கு முன்னால் எத்தனை படிகள் என்று எண்ணி, எண்ணையும் லிங்க்கையும் சேர்த்தே எழுதிவிடும். படிகளை எவ்வளவு வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். கருவிகளின் பட்டியல் தானாகத் திரண்டது, ஒரே ஸ்பேனர் மூன்று படிகளில் வந்தாலும் பட்டியலில் ஒருமுறைதான். எச்சரிக்கை உண்மையாகவே மேலே போனது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரே வரிசை.

ஆனால் அவர் நிறங்களையும் இடைவெளிகளையும்கூட டெம்ப்ளேட்டுக்குள்ளேயே எழுதியிருந்தார். எச்சரிக்கைக் கட்டத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தடிமனாக்க வேண்டும் என்றால் அவர் வர வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் ஓரம் மெல்லியதாகவே இருக்கும்.

அது எரிச்சல், அவ்வளவுதான். உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. ஒரு எழுத்தாளர் புதிய பதிப்பைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர், "சத்தம் அடங்கும்வரை காத்திருக்கவும் எங்கே?" என்று கேட்டார். மேலே காட்டிய படியில் இரண்டு பத்திகள் இருக்கின்றன, பாருங்கள். வெளியீட்டில் முதல் பத்தி மட்டும் இருந்தது. எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் 'பத்தியின் மதிப்பை எடுத்து எழுது' என்று சொன்னால், பல பத்திகள் இருந்தாலும் முதல் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைப் பேசாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி கிடையாது, ஏனென்றால் அது பிழையே அல்ல; அதன் விதி அதுதான். கூடவே, அந்தக் கட்டளை வெறும் எழுத்தை மட்டுமே எடுப்பதால், பத்திக்குள் தடித்த எழுத்தாகக் குறித்திருந்த 'மெதுவாக', 'முழுவதும்' போன்ற சொற்களின் அழுத்தமும் உதிர்ந்துபோயிருந்தது.

ஸ்டைல் தப்பானால் அசிங்கமாகத் தெரியும். உருமாற்றம் தப்பானால் ஒன்றுமே தெரியாது. இந்த வித்தியாசத்தை நான் முன்பு எங்கும் கணக்கில் எடுத்ததில்லை. மறைக்கச் சொன்னால் ஒழிய சிஎஸ்எஸ் ஒரு சொல்லையும் விழுங்காது. எழுத்தாளர் புதிதாக ஒரு டேக்கைக் கண்டுபிடித்து எழுதினாலும், அழகில்லாமலாவது அது திரையில் நிற்கும். நாங்கள் எழுதியிருந்த விதத்தில், எக்ஸ்எஸ்எல்டியில் கேட்டு எடுத்தது மட்டும்தான் அக்கரை போய்ச் சேரும்.

பிரித்த விதம்

இரண்டாம் முறை உட்காரும்போது கருவிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வெளியீட்டின் ஒவ்வொரு பகுதியையும் காகிதத்தில் எழுதி ஒரே கேள்வியைக் கேட்டோம்: படிப்பவர் காண வேண்டிய சொற்கள், அவர் காண வேண்டிய வரிசையில், காண வேண்டிய அத்தனை இடங்களிலும், மூலத்தில் அப்படியே இருக்கின்றனவா? ஆம் என்றால் ஸ்டைல். இல்லை என்றால் உருமாற்றம். முகவுரை, பாதுகாப்புக் குறிப்பு, பத்திகள் எல்லாம் 'ஆம்' பக்கம். எச்சரிக்கையின் இடம், குறுக்குக் குறிப்புகள், கருவிப் பட்டியல், உள்ளடக்கம், பின்னால் வரும் உதிரிபாக அகரவரிசை எல்லாம் 'இல்லை' பக்கம். எண்ணிப் பார்த்தால் உருமாற்றத்தின் பங்கு நாங்கள் நினைத்ததைவிடச் சின்னது.

அதனால் உருமாற்றத்தை ஒல்லியாக்கினோம். அது நகர்த்தும், எண்ணும், திரட்டும், லிங்க் கட்டும். வெளியே தள்ளுவது நிறமே இல்லாத சாதாரண எச்டிஎம்எல். தலைப்பு தலைப்பாக, பட்டியல் பட்டியலாக. அலங்காரம் முழுவதும் தனி சிஎஸ்எஸ் ஃபைலில், யார் வேண்டுமானாலும் தொடலாம்.

டெம்ப்ளேட் எழுதும் முறையையும் மாற்றினோம். முன்பு, இந்தப் பத்தியை எடு, அந்த உதிரியை எடு என்று மேலிருந்து கை நீட்டி இழுத்தோம். இப்போது ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு சிறிய டெம்ப்ளேட்; 'உள்ளே என்ன இருக்கிறதோ, அதற்குரியதை ஓட்டு' என்று தள்ளிவிடுகிறோம். எந்த டெம்ப்ளேட்டுக்கும் பொருந்தாத டேக் வந்தால், எக்ஸ்எஸ்எல்டியின் உள்ளமைந்த விதி அதன் எழுத்துகளை அப்படியே கடத்திவிடும், தொலைக்காது. அதற்கு மேலும் ஒரு வேலை செய்தோம்: வரைவுப் பதிப்பில் அப்படிப்பட்ட அடையாளம் தெரியாத டேக்குகளைக் கொட்டை எழுத்தில் சிவப்பாகக் காட்டும் ஒரு டெம்ப்ளேட். பார்க்க அசிங்கம்தான். வேண்டுமென்றே அசிங்கம்.

அதோடு ஒரு காவல்காரரும் உண்டு. மூலத்தில் உள்ள ஒவ்வொரு படியின் அடையாளமும் வெளியீட்டில் இருக்கிறதா, ஒவ்வொரு பத்தியின் எழுத்தும் வந்துசேர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட். ஒன்று குறைந்தாலும் பில்ட், அதாவது கையேட்டைத் தானாகத் தயாரிக்கும் வேலை, நின்றுவிடும். இந்த முழு வேலையிலும் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், எக்ஸ்எஸ்எல்டியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

உருமாற்றம் ஓடும் இடமும் மாறியது. முதலில் அது பிரவுசருக்குள்ளேயே ஓடியது. பிரவுசர்கள் 1999-இன் 1.0 பதிப்போடு நின்றுவிட்டன. குழுவாகத் திரட்ட வசதியான கட்டளை 2007-இல் வந்த 2.0-இல்தான் இருக்கிறது, 3.0 வந்தது 2017-இல். அதனால் எங்கள் பில்ட் இயந்திரத்தில் சாக்ஸன் என்ற எக்ஸ்எஸ்எல்டி மென்பொருளை வைத்து ஓட்டி, முடிந்த எச்டிஎம்எல்லை மட்டும் அனுப்பத் தொடங்கினோம். குரோம் குழு எக்ஸ்எஸ்எல்டியைப் பிரவுசரிலிருந்து எடுத்துவிடப் போவதாக 2025-இல் அறிவித்தபோது எங்களுக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்கவில்லை. அதை முன்கூட்டியே கணித்தோம் என்று சொல்ல ஆசைதான். குழுவாகத் திரட்டும் கட்டளைக்காகத்தான் மாறினோம்.

பழைய நூறு வரி ஸ்டைல்ஷீட்டைத் தூக்கிப்போடவில்லை. எழுத்தாளர்கள் இன்னும் மூல ஃபைலை அதைக் கோத்துத்தான் பிரவுசரில் திறக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது எழுதிய வரிசையில் எழுதியது தெரிவது மட்டும். அந்த வேலைக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. எக்ஸ்எம்எல் எடிட்டர்களில் ஆக்ஸிஜன் போன்றவை எழுதும் திரையை சிஎஸ்எஸ் கொண்டே வரைவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பக்க எண், அகரவரிசை, ஒரு கொம்பு

அச்சுப் பிரதியில் எங்கள் பாகுபாட்டுக்கு ஒரு செல்லக் குட்டு விழுந்தது. "பக்கம் 43-ஐப் பார்க்க" என்று அச்சில் வர வேண்டும். குறுக்குக் குறிப்பு, ஆகவே உருமாற்றம், என்று எழுதி வைத்திருந்தோம். ஆனால் பக்க எண், வரிகள் உடைந்து, படங்கள் உட்கார்ந்து, பக்கங்கள் பிரிந்த பிறகுதான் பிறக்கிறது. உருமாற்றம் ஓடும் நேரத்தில் பக்கம் என்று ஒன்றே கிடையாது. அதைச் சொல்லக்கூடியது பக்கம் கட்டும் கருவி மட்டும்தான். அச்சுக்கென்று சிஎஸ்எஸ்ஸைப் படிக்கும் பிரின்ஸ், ஆன்டெனா ஹவுஸ் போன்றவற்றில், லிங்க் போய்ச் சேரும் இடத்தின் பக்க எண்ணைக் கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. பிரவுசருக்குள் சிஎஸ்எஸ்ஸால் முடியாமல் போன அதே காரியம், அச்சில் சிஎஸ்எஸ்ஸின் வேலையாகிவிட்டது. எக்ஸ்எஸ்எல்டி சேர்ந்த எக்ஸ்எஸ்எல் குடும்பத்தின் சொந்த அச்சு மொழியையும் பார்த்தோம், அதன் 1.1 பதிப்பு 2006 டிசம்பரோடு நின்றுவிட்டது, புதிதாக அதில் காலை வைக்க மனம் வரவில்லை.

உதிரிபாக அகரவரிசையில் தமிழ் தன் குணத்தைக் காட்டியது. வெறுமனே வரிசைப்படுத்து என்றால் சில கருவிகள், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண் வரிசையில் அடுக்கிவிடும். அதில் ன, ந-வுக்கு அடுத்தே வந்துவிடும். ற, ர-வுக்கு அடுத்து. வ, ழ-வுக்கும் பின்னால். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு வருவதால் 'க்', 'கௌ'-வுக்கும் பின்னால் போய் நிற்கும். அகராதி பார்த்துப் பழகியவர் தேடினால் கிடைக்காது. தமிழ் வரிசை என்று மொழியைக் குறிப்பிட்டுக் கேட்டதும் சரியானது. ஸ்டைலில் இதைச் செய்யலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

தமிழில் டேக் வைப்பவர்களுக்கு ஒன்று. எங்களிடம் <தொகுப்பு> என்று ஒரு டேக் உண்டு. ஒரு எழுத்தாளரின் ஃபைல்களில் மட்டும் அதற்குரிய ஸ்டைலும் ஓடவில்லை, டெம்ப்ளேட்டும் ஓடவில்லை. அரை நாள் போனது. 'தொ'-வில் உள்ள ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் பதிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் பதிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. எக்ஸ்எம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் இரண்டும் வேறு வேறு பெயர்கள். அவருடைய விசைப்பலகை இரண்டாம் வகை. இப்போது ஃபைல் உள்ளே வரும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

மிச்சம்

மாறி முடித்ததும் மூல ஃபைல்கள் எல்லாவற்றிலும், 'படி' என்ற சொல்லுக்குப் பின்னால் எண் வரும் இடங்களைத் தேடினோம். கையால் தட்டியவை ஒவ்வொன்றும் அடையாளமாக மாறின. அந்தப் பழைய வாக்கியம் இப்போது, படிகள் எப்படி நகர்ந்தாலும், காற்றை வெளியேற்றும் படியையே காட்டுகிறது.

பிறகு அதே டெக்னீசியனிடம் புதிய பதிப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். எல்லாம் சரி என்றவர், வால்வின் குறுக்குவெட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். படத்துக்குள்ளேயே, அம்புக்குறியின் முனையில், 'படி 4' என்று வரைந்திருந்தது. அது படப்புள்ளிகள், ஸ்டைலும் தொடாது, உருமாற்றமும் தொடாது, எங்கள் தேடலிலும் அகப்படவில்லை. இப்போது கையேட்டில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.